அங்கீகாரம் என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பொறுப்பேற்றிருந்த ஒரு கிராமப் பங்கில் கோயில்பிள்ளையாகப் பணியாற்றிய முதியவர் காலமானார். விடியற்காலை நான்கரைக்கு மணி அடிப்பது, பீடத்தை ஒழுங்கு செய்வது, மெழுகுதிரிகளின் எச்சத்தைச் சுரண்டி எடுப்பது, இறந்தோர் வீட்டுக்குச் சிலுவை சுமந்து முன்னே நடப்பது என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அடக்கச் சடங்கிற்கு முன், இறந்தோர் பதிவேட்டைத் திறந்து எழுத அமர்ந்தோம். பேனா நின்றுவிட்டது. அவருடைய பெயர் நமக்குத் தெரியவில்லை.

நான்கு ஆண்டுகள் அவர் வைத்த காப்பியைக் குடித்திருக்கிறோம். ஊரார் 'கோயில்பிள்ளை' என்றார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். மாதச் சம்பளச் சீட்டிலும் 'கோயில்பிள்ளைக்கு' என்று எழுதித்தான் ரேகை வாங்கியிருக்கிறோம். அவருடைய தம்பி மகனைக் கேட்டோம். "பெரியப்பான்னுதான் சாமி கூப்பிடுவோம்" என்றார். குடும்ப அட்டையில் வீட்டில் வழங்கிய ஒரு பெயர் இருந்தது. திருமுழுக்குப் பெயர் இல்லை. பழைய திருமுழுக்குப் பதிவேடுகளை இறக்கி, தூசி தட்டி, ஒரு மணி நேரம் தேடியபின், யாரோ ஒரு வேதபோதகர் இலத்தீனில் எழுதி வைத்திருந்த வரி ஒன்றில் அவர் பெயரைக் கண்டோம். வெளியே மக்கள் காத்திருந்தார்கள்.

அதற்கு முந்திய ஆண்டுதான் அக்கோயிலின் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியிருந்தோம். நன்கொடையாளர் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டிச் சுவரில் பதித்தோம். ஒரு குடும்பத்தாரின் பெயர் மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டதென்று மனத்தாங்கல் வந்தது. "எங்களுக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை" என்று நம்மிடமே வந்து வருந்தினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த இரண்டு மாலைப்பொழுதுகள் செலவாயின. சனிக்கிழமைதோறும் அந்தக் கல்லை ஈரத்துணியால் துடைத்தவர் கோயில்பிள்ளை. அவர் எதுவும் கேட்டதில்லை.

அந்த நாள் முதல் 'அங்கீகாரம்' என்ற சொல் நம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாரும் வேண்டுகிற இச்சொல்லின் பொருள்தான் என்ன? அதை நாம் சரியாகத்தான் வழங்குகிறோமா? வாசக அன்பர்களோடு சேர்ந்து சற்றே ஆராய விரும்புகிறோம்.

அங்கீகாரம் வடசொல். 'அங்கம்' என்பது உறுப்பு. 'காரம்' என்பது செய்தல், ஆக்குதல். இடையில் நிற்கும் ஈகாரத்திற்கு வடமொழி இலக்கணத்தார் ஒரு நுட்பமான பொருள் சொல்வர்: முன்பு அவ்வாறு இல்லாத ஒன்று இப்போது அவ்வாறு ஆதல். ஆகவே, உறுப்பாய் இராத ஒன்றைத் தன் உறுப்பாக ஆக்கிக்கொள்ளுதலே அங்கீகாரம். உடன்படுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருள்களெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. இதே அச்சில் வார்த்த மற்றொரு சொல் நம் வீடுகளில் உண்டு: சுவீகாரம். தன்னுடையதாய் இராததைத் தன்னுடையதாக்கிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். பிறர் வயிற்றில் பிறந்த பிள்ளையைத் தன் பிள்ளையாக்கிக்கொள்வதைச் சுவீகாரம் என்கிறோம். சுவீகாரமும் அங்கீகாரமும் உடன்பிறப்புகள். முன்னது ஒருவரை நம் வீட்டிற்குள் கொண்டுவருகிறது. பின்னது நம் உடலுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது.

இவ்வளவு நெருக்கமான ஒரு சொல் அன்றாட வழக்கில் எப்படி ஆகிவிட்டது என்று பாருங்கள். 'அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி' என்று பெயர்ப்பலகை சொல்கிறது. 'அங்கீகரிக்கப்பட்ட மனைகள் விற்பனைக்கு' என்று சுவரொட்டி கூவுகிறது. 1968-ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணையின்படி, குறிப்பிட்ட அளவு வாக்கும் இடங்களும் பெற்ற கட்சிக்கு அங்கீகாரம் உண்டு. அதற்கெனச் சின்னமும் உண்டு. புதிதாய்ப் பிறந்த நாட்டைப் பிற நாடுகள் அங்கீகரிக்கின்றன. கலைஞர்களும் எழுத்தாளர்களும் அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று நோகிறார்கள்.

இச்சொல்லோடு சேர்ந்து வரும் வினைகளையும் கவனிக்க வேண்டும். அங்கீகாரம் 'பெறுகிறோம்', 'கிடைக்கிறது', 'வழங்கப்படுகிறது', பிழை நேர்ந்தால் 'ரத்தாகிறது'. எல்லாம் மேலிருந்து கீழே இறங்கும் வினைகள். கொடுப்பவர் உயரத்தில் இருக்கிறார். பெறுபவர் மனுவோடு நிற்கிறார். 'நான் உன்னை அங்கீகரிக்கிறேன்' என்று எந்தத் தாயும் பிள்ளையிடம் சொல்வதில்லை; எந்தக் கணவனும் மனைவியிடம் சொல்வதில்லை. உடலைக் குறித்துப் பிறந்த சொல் இவ்வாறு அலுவலகத்து முத்திரையாக இறுகிவிட்டது.

முத்திரை வேண்டாத ஒன்று என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தின் அங்கீகாரம் ஏழைக்குக் காவல். அது இல்லாதபோது என்ன நேரும் என்பதை நம் திருச்சபை மக்களில் பெரும்பகுதியினர் அறிவர். பட்டியல் சாதியினர் யார் என்பதை வரையறுத்த 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரையும் அப்பட்டியலில் சேர்க்கலாகாது என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அவ்வாணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கு அத்தகைய திருத்தம் இதுவரை வரவில்லை. இழிவு மட்டும் மதம் மாறாமல் தொடர, உரிமை மட்டும் மதத்தால் மறுக்கப்படுகிறது. இந்த அங்கீகாரத்தைக் கேட்பது நீதியே. ஆனால் முத்திரைக்கு முன்னால் நடக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. அது நடவாவிட்டால், முத்திரை வந்தாலும் தாமதமாகவே வரும் என்பதே நாம் சொல்ல விழைவது.

அந்த ஒன்றிற்கு நம் மக்களின் பேச்சில் நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது. மருமகள் தன் குறையைச் சொல்லும்போது "எனக்கு அங்கீகாரம் இல்லை" என்பதில்லை; "என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குறாங்க" என்கிறாள். திருவிழாவுக்கு வந்த ஏழை உறவினர், "வந்தேன், ஒருத்தரும் கண்டுக்கலை" என்கிறார். கண்டுகொள்ளுதல்! இரண்டு வினைகள் சேர்ந்த சொல் இது. காண்பது ஒன்று, கொள்வது மற்றொன்று. காணாமல் கொள்ள முடியாது. ஆனால் கண்டும் கொள்ளாமல் விட முடியும். நம் குற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியைச் சிலப்பதிகாரத்தைப்போல் தெளிவாகக் காட்டும் தமிழ் நூல் பிறிதொன்றில்லை என்பது நம் கருத்து. சிலம்பை ஊழின் கதையாகவும் கற்பின் கதையாகவும் அரச நீதியின் கதையாகவும் படித்திருக்கிறோம். கண்டுகொள்ளுதலின் கதையாகவும் அதைப் படிக்கலாம்.

மதுரையில் பொற்கொல்லன் சிலம்பைப் பார்க்கிறான். அதைக் கொண்டுவந்த மனிதனைத் தன் களவை மறைக்கும் திரையாக மட்டுமே பார்க்கிறான். பாண்டியனோ பார்க்கவே இல்லை. சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவருக என்று வாய்மொழியில் முடித்துவிடுகிறான். இவ்விருவரையும் எல்லாரும் பழிக்கிறோம். ஆனால் இவர்களுக்கு நடுவில் நிற்கும் காவலர்களை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் கோவலனை நேருக்கு நேர் கண்டார்கள். இவன் தோற்றம் கள்வனுடையது அன்று, கொலைக்கு உரியவன் இவன் அல்லன் என்று வாய்விட்டும் சொன்னார்கள். அக்காட்சியில் உண்மையைக் கண்டவர்கள் அவர்களே. பொற்கொல்லன் களவு நூலின் தந்திரங்களை விரித்துப் பேசினான். அவர்களுடைய ஐயம் தளர்ந்து நின்றது. அதற்குள் அவர்களில் ஒருவன் வாளை ஓங்கிவிட்டான். கண்டார்கள், கொள்ளவில்லை. தாம் கண்டதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் முன்வரவில்லை. இளங்கோவடிகள் இக்காவலர்களைக் கொடியவர்களாகத் தீட்டவில்லை. அதனாலேயே அந்தக் காட்சி நம்மை நடுங்கவைக்கிறது. நாமும் அந்த வட்டத்தில் நின்றிருப்போம் என்று தோன்றுகிறது.

பிறகு வழக்குரை காதை. கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தம்முடையது முத்து என்கிறான். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. அப்போதுதான் பாண்டியன் காண்கிறான். தானே கள்வன் என்று உணர்ந்து உயிர் விடுகிறான். அவன் உண்மையை ஏற்ற வேகத்தைப் புலவர்கள் போற்றுவர், நாமும் போற்றுவோம். ஆயினும் அந்த ஏற்பினால் கோவலன் எழுந்து வரவில்லை.

வஞ்சிக் காண்டத்தில் மூன்றாவது வகையைக் காண்கிறோம். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, கனக விசயர் தலையில் சுமத்திக் கொண்டுவந்து கண்ணகிக்குக் கோயில் எடுக்கிறான். அங்கீகாரம் என்ற சொல்லின் இன்றைய பொருளில் இதைவிடப் பெரிய அங்கீகாரம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்க முடியாது. அரசர்கள் வந்து வணங்கினார்கள். ஆனால் உயிரோடு ஒரு நகரத் தெருவில் தலைவிரி கோலமாய் அவள் நீதி கேட்டு நடந்தபோது இக்கல் எங்கே இருந்தது? கல்லைப் பழிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. கல் எப்போதும் பின்னால்தான் வருகிறது என்பதைச் சொல்லவே கேட்கிறோம்.

இந்நூலில் கண்டும் கொண்டும் நின்றவள் ஒருத்தி உண்டு. அவள் அரசி அல்லள். ஆயர் குலத்து மூதாட்டி மாதரி. கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகத் தந்தார். ஊர் தெரியாத பெண், பொருள் இழந்து வந்தவள். மாதரி சான்று கேட்கவில்லை. வேலி சூழ்ந்த வீட்டைத் தந்தாள். சமைக்கக் கலமும் காயும் அரிசியும் தந்தாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விட்டாள். சொல்லின் மூலப் பொருளில், கண்ணகியைத் தன் உறுப்பாக்கிக்கொண்டாள். அதனால்தான், தன் அடைக்கலம் காக்கப்படாமல் போனதை அறிந்தபோது மாதரி தீயில் புகுந்தாள் என்று பின்னால் மாடலன் வாயிலாகக் கேள்விப்படுகிறோம். அம்முடிவை நாம் போற்றுவதற்கில்லை; உயிர் நம்முடையது அன்று. ஆனால் அடுத்தவர் காயம் தன் உடலில் பட்டதாக அவள் உணர்ந்தாள் என்பதை மறுக்க முடியாது. மாதரிக்கு யாரும் கல் எடுக்கவில்லை.

ஓர் உறுப்புத் துன்புற்றால் எல்லா உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்று தூய பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறார். குருத்துவக் கல்லூரியில் இப்பகுதியைத் திருச்சபையியலாகப் படித்தோம். வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை, மதிப்புக் குறைந்தவையாக நாம் கருதுபவற்றுக்கே மிகுந்த மதிப்புத் தருகிறோம் என்கிறார் அவர். அங்கீகாரம் என்ற சொல்லின் முழு இலக்கணமும் இங்கே அடங்கியிருக்கிறது. அது கீழே நிற்பவருக்கு மேலிருந்து விழும் சலுகையன்று. ஒரே உடலுக்குள் நிகழும் இரத்த ஓட்டம்.

பவுலடியார் இதை ஏட்டளவில் எழுதியவரல்லர். திருச்சபையைத் துன்புறுத்தியவர் என்பதால் எருசலேமில் சீடர்கள் அவரைக் கண்டு அஞ்சினார்கள். பர்னபா கைபிடித்து அழைத்துச் சென்றார். பின்னர் யாக்கோபும் கேபாவும் யோவானும் அவருக்கு அருளப்பட்ட அருளை உணர்ந்து, நட்புறவின் அடையாளமாகத் தங்கள் வலக்கையை நீட்டினார்கள் என்று கலாத்தியருக்கு அவரே எழுதுகிறார். முதலில் உணர்ந்தார்கள், பிறகு கையை நீட்டினார்கள். கண்டார்கள்; கொண்டார்கள். கையும் ஓர் அங்கமே அல்லவா?

நம் காலத்துத் தமிழ் இலக்கியத்தில் இந்த வலக்கையைக் கேட்டு நின்ற நூல் ஒன்று உண்டு. 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. கத்தோலிக்கச் சிற்றூரில் பிறந்து, துறவற சபையில் சேர்ந்து, ஏழாண்டுகளில் வெளியேறிய ஒரு தலித் பெண்ணின் தன்வரலாறு. ஊர்ப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். வேடிக்கை என்று நினைத்துச் சிறுமி சிரிக்கிறாள். தொட்டால் தீட்டு என்று முதலாளி வீட்டார் கருதுவதால்தான் அப்படி என்று அண்ணன் விளக்கியபிறகு அவளால் சிரிக்க முடியவில்லை. முன்பு கண்ணுக்குத் தெரிந்த அதே காட்சி, இப்போது கண்டுகொள்ளப்பட்ட காட்சியாகிவிட்டது. அந்நூலின் மொழி பேச்சு மொழி. வடிவமும் வழக்கமான நாவலின் வடிவன்று. மொழியைக் காரணம் காட்டி முகம் சுளித்தவர்கள் உண்டு. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் வெளிவந்து கிராஸ்வேர்டு விருது பெற்றது. அதன்பின் பல கல்லூரிகளில் பாடமாயிற்று. நல்லதே. ஆனால் நம் கோயில் முற்றத்தில் பிறந்த குரல் ஒன்று, ஆங்கிலத்தில் பரிசு வாங்கித் திரும்பி வந்த பிறகுதான் நம்மில் பலர் அதைக் கையில் எடுத்தோம். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, பாகுபாடு திருச்சபைக்குள்ளும் இருப்பதை ஒப்புக்கொண்டது. 'கருக்கு' வந்து அப்போது இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே ஒரு மறுப்பு எழும். "வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியலாகாது என்று ஆண்டவர் சொல்லவில்லையா? பணி செய்பவன் அங்கீகாரத்தை எதிர்பார்ப்பது முறையா?" என்று பக்தியுள்ள அன்பர்கள் கேட்பார்கள். முறையன்றுதான். ஆனால் அந்த அறிவுரை கொடுப்பவனுக்குச் சொன்னது. பெற்றுக்கொண்டவர்கள் தங்கள் மறதிக்கு அதைச் சாக்காக்கிக்கொள்ளலாகாது. 'கடவுளுக்குத் தெரியும்' என்று பிறர் உழைப்பைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கடவுளுக்குத் தெரியும் என்பது உண்மையே. நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதல்லவா கேள்வி? தேடிப் போகிறவனுக்கு அங்கீகாரம் ஒரு சோதனை. கொடுக்க வேண்டியவனுக்கு அது ஒரு கடன்.

அதே கொரிந்தியர் திருமுகத்தின் இறுதியில், பலரும் படிக்காமல் கடந்துபோகும் சில வசனங்கள் உள்ளன. ஸ்தேவனா, பொர்த்துனாத்து, அக்காயிக்கு என்று மூன்று பேரின் பெயர்களைப் பவுலடியார் குறிப்பிடுகிறார். அவர்கள் தமக்கு ஆறுதலாய் இருந்ததைச் சொல்லி, இத்தகையோருக்கு உரிய மதிப்பைத் தருமாறு கேட்கிறார். அவர் அங்கே கையாளும் கிரேக்க வினைச்சொல்லும், எம்மாவுவில் அப்பம் பிடும்போது சீடர்கள் உயிர்த்த ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள் என்று தூய லூக்கா எழுதும் வினைச்சொல்லும் ஒன்றே. உயிர்த்த ஆண்டவரைக் கண்டுகொள்வதற்கு ஒரு சொல்லும், பங்கில் உழைப்பவர்களைக் கண்டுகொள்வதற்கு வேறொரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை. அந்த மூவரின் முகம் நமக்குத் தெரியாது. பெயர் தெரியும், ஏனெனில் ஒருவர் எழுதி வைத்தார்.

அந்தக் கிராமத்துக் கோயில்பிள்ளையின் பெயர் அங்குள்ள கல்வெட்டில் இல்லை. நமக்குப்பின் வந்த பங்குத்தந்தையிடம் சொல்லியிருக்கிறோம். பெயர் வந்தாலும் அது இமயக் கல்லைப்போல் பின்னால் வந்த கல்லே. நாம் அவரிடம் பட்ட கடன் அதனால் தீராது.

இப்போதுள்ள பங்கிற்கு வந்த முதல் நாள் மாலையில், கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மையாரிடம் பெயரைக் கேட்டோம். அவர் துடைப்பத்தைச் சுவரோடு சாய்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏன் சாமி, ஏதும் தப்பு நடந்து போச்சா?" என்று கேட்டார்.